விண்வெளிக் குப்பையை அகற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்
பூமியைச் சுற்றும் குப்பை என்றதும் பலர் குப்பை லாரியைத்தான் நினைக்கிறார்கள்: ஒன்றை அள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்று. அந்தக் கணக்கு அங்கே எடுபடாது. 800 கி.மீ. உயரத்தில், கலத்தின் சுற்றுப்பாதை அமைந்த தளத்தை 1 பாகை திருப்பவே நொடிக்குச் சுமார் 130 மீட்டர் வேகமாற்றம் வேண்டும். பூமியின் நடுக்கோட்டுக்கு ஒரே சாய்வில் சுற்றும் இலக்குகளாகப் பார்த்து, சற்றே வேறு உயரத்தில் காத்திருந்தால், பூமியின் நடுப்பகுதி பருத்திருப்பதால் தளம் தானே நகர்ந்து பொருந்தும். மாதக்கணக்கில் ஆகும், எரிபொருள் மிஞ்சும்.

காந்தத்தை நம்பவும் வேண்டாம். செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் அலுமினியம், அது காந்தத்தில் ஒட்டாது. 2021இல் எல்சா-டி என்ற சோதனைக் கலம் காந்தத்தால் பிடித்துக் காட்டியது உண்மைதான், ஆனால் அதன் இலக்கில் அதற்கென்றே ஒரு தகடு முன்கூட்டியே பொருத்தப்பட்டிருந்தது.

மிகவும் கவனம் வேண்டியது இலக்கை நெருங்கும் கடைசிக் கட்டத்தில். இலக்கின் பழைய வரைபடத்தைப் பார்த்து நேராக நெருங்கக் கூடாது. கிளியர்ஸ்பேஸ்-1 என்ற ஐரோப்பியத் திட்டம் அகற்றவிருந்த வெஸ்பா என்ற ராக்கெட் பாகத்தையே 2023இல் வேறு குப்பை தாக்கியதாகத் தெரியவந்து, இலக்கை மாற்ற நேர்ந்தது. ஆகவே முதலில் தள்ளி நின்று படமெடுங்கள். எந்த அச்சில், எவ்வளவு வேகத்தில் உருள்கிறது என்று அளந்த பிறகே கிட்டே போங்கள். வேகத்தைக் குறைக்க கலத்தின் உந்திகளை (வாயுவைப் பீய்ச்சித் தள்ளும் சிறு எந்திரங்களை) இலக்கை நோக்கி இயக்கினால், வெளிவரும் வாயுவே அதைத் தள்ளி இன்னும் சுழலவிடும். உந்திகளைச் சாய்வாகப் பொருத்துவது அதற்குத்தான்.

சூரியத் தகட்டையோ வெப்பக் காப்புப் போர்வையையோ பற்றினால் அது பிய்ந்து புதிய குப்பையாகும். ராக்கெட்டோடு இணைந்திருந்த வளையமே உறுதியான பிடி. கலத்தின் இயந்திரக் கைகள் முதலில் தொடாமல் சூழ்ந்துகொள்ள வேண்டும், பிறகே இறுக வேண்டும். ஒரு கை முந்தித் தொட்டாலும் இலக்கு நழுவிப் போய்விடும். வலை வீசினால் கயிறு தொய்யக் கூடாது. தொய்ந்து சுண்டி இழுபட்டால், டன் கணக்கான எடை நம்மை நோக்கியே வரும்.

பிடித்ததோடு வேலை முடியாது. 8 டன் பொருளை 800 கி.மீ.யிலிருந்து நேரே கடலில் இறக்க நொடிக்குச் சுமார் 200 மீட்டர் வேகக்குறைப்பு தேவை, அதாவது 500 முதல் 700 கிலோ எரிபொருள். துரத்திப்போன கலத்தின் எடைக்கு இது தனி. மின்சாரத்தால் இயங்கி மிக மெல்லத் தள்ளும் அயனி உந்தியால் மெல்லக் கீழே கொண்டுவரலாம், ஆனால் விழும் இடத்தைக் குறிக்க முடியாது: ஒரு மணி நேரம் பிசகினால் 27,000 கி.மீ. தள்ளி விழும். டைட்டேனியத் தொட்டிகள் எரியாமல் தரைவரை வரும். கடைசி இறக்கத்துக்கு, எரிபொருளை எரித்துப் பலமாகத் தள்ளும் வேதி உந்தி இருந்தே ஆக வேண்டும்.

இத்தனைக்கும் முன்னால் அனுமதி. 1967 விண்வெளி ஒப்பந்தப்படி, செயலிழந்தாலும் ஒரு பொருள் அதைப் பதிவுசெய்த நாட்டின் அதிகாரத்திலேயே இருக்கும். யாருடையது என்று தெரியாத துண்டைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள்.