ஊருக்கு வருகிறீர்களா? பழைய நில ஆதாரத்தையும் கல்லறைக்கல்லையும் கைப்போனைக் கொண்டு வாசிக்கலாம்

குமரி மாவட்டத்துப் பழைய வீடுகளில் நிலப் பத்திரங்களைத் தகரப்பெட்டியிலோ துணியில் பொதிந்தோ வைத்திருப்பார்கள். திருவிதாங்கூரின் சங்கு முத்திரை போட்ட தாள்கள் அவை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்தோடு சேர்ந்தன. அதற்கு முந்தைய ஆதாரங்கள் (நிலப் பத்திரங்கள்) பலவும் மலையாளத்தில் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் பேரப்பிள்ளைகள் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். கையில் போன் இருக்கும்போது அப்படி விட வேண்டியதில்லை.

முதலில் படம். பிளாஷை அணைத்துவிட்டு, வெயில் நேரே படாத வராந்தாவில் தாளை விரியுங்கள். அடியில் கறுப்புத் துணி போட்டால் பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரியாது. போனைத் தாளுக்கு நேர் மேலே, சாயாமல் பிடியுங்கள். ஸ்கேன் செயலியின் கறுப்பு வெள்ளைத் தேர்வு வேண்டாம், மங்கிய மையை அது கறை என்று நினைத்து அழித்துவிடும். வண்ணத்திலேயே எடுத்துவிட்டுப் பிறகு கான்ட்ராஸ்டைக் கூட்டிப் பாருங்கள். பின்பக்கத்தையும் எடுக்க மறக்காதீர்கள், பதிவு விவரம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மடிப்பை நிமிர்த்த இஸ்திரி போடவே கூடாது. லேமினேட் செய்தால் தாளைத் திரும்பப் பிரித்தெடுக்க முடியாது.

அச்சடித்த மலையாளத்தைக் கூகுள் லென்ஸ் ஓரளவு நன்றாகவே வாசித்துத் தமிழில் தரும். கையெழுத்தில் தடுமாறும். 1971 மலையாள எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கூட்டெழுத்துகள் வந்தாலும் தடுமாறும். லென்ஸ் தரும் எண்களை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். புல எண்ணையும் (சர்வே எண்) சென்ட் கணக்கையும் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணால் சரிபாருங்கள். மீதியைப் பழைய மலையாளம் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொள்வதே நல்லது.

தேதி மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டில் இருக்கும். சிங்கத்தில் (ஆவணி) புத்தாண்டு. ஆங்கில ஆண்டு தெரிய, சிங்கம் முதல் தனு (மார்கழி) பாதி வரை 824ஐக் கூட்டுங்கள், அதன்பின் கர்க்கடகம் (ஆடி) வரை 825. கொல்லம் 1105 கன்னி (புரட்டாசி) என்றால் 1929, அதே 1105 மேடம் (சித்திரை) என்றால் 1930.

ஆதாரத்தில் நாலெல்லை எழுதியிருக்கும்: கிழக்கே இன்னார் விளை (தோட்டம்), தெற்கே ஓடை, இப்படி. அந்த வரிகளை நிலத்திலேயே நின்று வாசித்து, ஒவ்வொரு எல்லையையும் விவரம் தெரிந்த மாமாவோ சித்தப்பாவோ கைகாட்டச் சொல்லி வீடியோ எடுங்கள். லொக்கேஷனை ஆன் செய்து வையுங்கள். செயலியில் சுற்றி நடந்து பரப்பளவு எடுப்பது மட்டும் சின்ன மனைக்கு உதவாது. 1 சென்ட் 435.6 சதுர அடி. 10 சென்ட் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 66 அடிதான். ஜிபிஎஸ் பிழையே சில மீட்டர் வரும், தென்னை மூட்டில் இன்னும் கூடும். வேலிச் சண்டைக்கு அதைச் சாட்சியாக்காதீர்கள், சர்வேயரை அழையுங்கள். பழைய புல எண்ணும் இன்றைய ரீசர்வே (மறு நில அளவை) எண்ணும் வேறாக இருக்கலாம், கிராம நிர்வாக அலுவலகத்தில் கேளுங்கள். பட்டாவை இணையத்தில் பார்க்க ஓடிபி வரும் இந்திய எண் வேண்டும். உறவினர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேவாலயக் கல்லறைத் தோட்டங்களில் மழுங்கிய எழுத்தை வாசிக்க இரண்டு போன் போதும். பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ அனுமதி வாங்கிக்கொண்டு, பொழுது சாய்ந்தபின் போங்கள். ஒரு போனின் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி, ஒளி கல்லை உரசிப் போகும்படி தாழ்த்திப் பிடியுங்கள். மற்றதால் நேரே நின்று படம் எடுங்கள். நேர்ஒளி எழுத்துப் பள்ளத்தை நிரப்பிவிடுகிறது, சாய்ந்த ஒளி பள்ளத்தில் நிழல் விழ வைக்கிறது, அவ்வளவுதான் சூட்சுமம். இடம், வலம், மேல், கீழ் என்று நாலு பக்கமும் ஒளி வைத்து நாலு படம் எடுங்கள். ஒன்றில் தெரியாத எழுத்து இன்னொன்றில் தெரியும். பகலில்தான் போக முடியும் என்றால் ஒருவர் குடை பிடித்துக் கல்லுக்கு நிழல் தரட்டும். சாக்பீஸ் தேய்ப்பதும் பாசியைச் சுரண்டுவதும் கல்லைக் கெடுக்கும்.

இதே முறையை மார்த்தாண்டம் பக்கம் சிதறால் மலையிலுள்ள சமணச் சிற்பங்களிலும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளிலும் பழகிப் பார்க்கலாம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், பாறையைத் தொட வேண்டாம். சுசீந்திரம் கோயிலுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது.

பாட்டியின் பேச்சைப் பதிவு செய்யும்போது மின்விசிறியை அணைத்து, போனைப் பிளைட் மோடில் போட்டு, மடித்த துவர்த்தின் (துண்டின்) மேல் ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் தட்டும் ஒலியெல்லாம் ஏறும். பேச்சை எழுத்தாக்கும் செயலிகள் விளவங்கோட்டுப் பேச்சில் தடுக்கி விழும், ஆகவே ஒலிக்கோப்பை அழிக்காதீர்கள். முட்டம், மண்டைக்காடு கடற்கரைக்குப் போய்வந்தால் லென்சை ஈரத்துணியால் ஒற்றிய பிறகே துடையுங்கள், உப்புத்தூள் கீறும். பேச்சிப்பாறைப் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வரும், வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள்.

கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது கொல்லம் ஆண்டு, மாதம், விளைப்பெயர் மூன்றையும் சேர்த்து எழுதி, ஒரு பென்டிரைவில் போட்டு ஊர் வீட்டிலும் கொடுத்துவிட்டு வாருங்கள்.