இரண்டடி மட்ட வித்தியாசத்துக்கு வீட்டுக்குள் படி கட்டுவது

தெருவை உயர்த்த உயர்த்த பழைய வீடு பள்ளத்தில் போய்விடுகிறது. பின்னால் புது அறை எடுப்பவர்கள் தரையை இரண்டடி ஏற்றிவிடுகிறார்கள். கூடத்திலிருந்து அந்த அறைக்குப் போகும் படியை "சின்ன வேலைதானே" என்று கண்ணளவில் கட்டிவிட்டால், அங்கேதான் தினமும் கால் தடுக்கும்.

முதலில் ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்) பிடித்து உயரம் பாருங்கள். கீழே டைல்ஸின் மேல்பரப்பிலிருந்து, மேலே டைல்ஸ் போட்டபின் வரப்போகும் பரப்பு வரைக்குமான அளவுதான் கணக்கு. அது 24 இஞ்ச் என்றால் நான்கு ஏற்றம் (ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு உள்ள உயரம்), ஒவ்வொன்றும் 6 இஞ்ச். மிதி, அதாவது கால் வைக்கும் பரப்பின் ஆழம், 12 இஞ்ச். ஏற்றத்தை இரட்டித்து மிதியைக் கூட்டினால் 24, 25 இஞ்சுக்குள் வரவேண்டும். நான்காவது மிதி மேல் அறையின் தரையே என்பதால் கட்டவேண்டியது மூன்று படிதான். 3 அடி நீளம், மூன்றரை அடி அகலம் போதும். ஒற்றைப்படையில் வரவேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால் இந்த மூன்றையே எண்ணிக் காட்டலாம். அதற்காக மூன்று ஏற்றமாகக் குறைத்தால் 8 இஞ்ச் ஆகிவிடும். முட்டிவலி உள்ளவர்கள் ஏறமாட்டார்கள்.

அடுத்ததுதான் பெரும்பாலும் தப்பும் இடம். கிரானைட்டும் அடிக்கலவையும் சேர்ந்து ஒவ்வொரு படிமேலும் ஒன்றரை இஞ்ச் ஏறும். ஆனால் கீழ்த்தரையில் டைல்ஸ் ஏற்கெனவே இருக்கிறது, அது ஏறாது. எல்லாப் படியையும் 6 இஞ்சாகக் கட்டினால் முதல் ஏற்றம் ஏழரையாகவும் கடைசி ஏற்றம் நாலரையாகவும் முடியும். ஆகவே செங்கல் வேலையில் முதல் படி மட்டும் நாலரை இஞ்ச், மற்றவை 6. பக்கத்துச் சுவரில் முடிந்த மட்டம் ஒரு கோடு, செங்கல் மட்டம் ஒரு கோடு என்று நூல் அடித்து வரைந்துவிட்டால் வாக்குவாதமே வராது. ஏற்றங்களுக்குள் கால் இஞ்சுக்கு மேல் வித்தியாசம் வேண்டாம்.

டைல்ஸ் மேல் செங்கல் வைக்காதீர்கள், கலவை பிடிக்காது. படி வரும் இடத்தில் டைல்ஸைப் பெயர்த்து, மண்ணைத் தோண்டித் திமிசுக்கட்டையால் இடித்து, பழைய டைல்ஸ் மட்டம் வரை 4 இஞ்ச் கனத்துக்கு 1:4:8 கான்கிரீட் (சிமெண்ட் 1, மணல் 4, ஜல்லி 8 பங்கு) போடுங்கள். இடிக்காத மண்ணில் படி இறங்கி, மேல் அறைச் சுவரோடு சேரும் இடத்தில் விரிசல் விடும். அந்தச் சுவரின் பூச்சையும் கொத்திவிட்டு, சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) அடித்தபின் கட்டத் தொடங்கலாம்.

செங்கல் 150, சிமெண்ட் 2 மூட்டை, எம்-சாண்ட் 8 கன அடி, ஜல்லி 4 கன அடி வாங்கினால் போதும். கட்டுக்கலவை 1:6 (சிமெண்ட் 1, மணல் 6). நனைத்த செங்கலைப் பக்கவாட்டில் நிறுத்தி வைத்தால் முதல் படியின் நாலரை கிட்டத்தட்ட வந்துவிடும். மற்றவற்றுக்கு இரண்டு வரிசை. சூளைக்குச் சூளை கல் அளவு மாறுவதால் இரண்டு கல்லை அடுக்கி அளந்துவிட்டே ஆரம்பியுங்கள். 7 நாள் தண்ணீர் விடவேண்டும்.

இந்தக் கட்டுமானம் அரை டன் எடை வரும். தரைத்தளத்துக்குச் சரி, மாடியில் ஸ்லாப் மேல் இப்படிக் கட்டாமல் இரும்புச் சட்டத்தில் செய்வதே நல்லது, அதையும் பொறியாளரிடம் காட்டிவிட்டு.

கிரானைட் 18 மி.மீ. (சுமார் முக்கால் இஞ்ச்) கனம். ஏற்றத்தின் முகப்பில் நிற்கும் துண்டை 6 இஞ்சாக வெட்டிவிட்டு வந்தால் வீண். மேலே மிதிக்கல் உட்காரும் என்பதால் ஐந்தேகால் இஞ்ச் போதும். மிதிக்கல் 14 இஞ்ச் இருக்கட்டும்: முன்னால் ஒரு இஞ்ச் மூக்கு (வெளியே நீளும் விளிம்பு), பின்னால் அடுத்த நிற்கும் துண்டுக்கு அடியில் முக்கால் இஞ்ச், மீதி வெட்டிச் சரிசெய்ய. கீழிருந்து மேலாக, நிற்கும் துண்டு, அதன்மேல் மிதிக்கல் என்று பதியுங்கள். கலவை 1:4, கல்லைத் தட்டும்போது கொடகொடவென்று கேட்டால் எடுத்து மறுபடி பதிக்கவேண்டும், இல்லாவிட்டால் மூக்கு உடையும். பாலிஷ் கல் ஈரத்தில் வழுக்கும். மூக்கை ஒட்டி மூன்று கோடு வெட்டித் தரச் சொல்லுங்கள். படியும் தரையும் ஒரே நிறமாக இருந்தால் இறங்கும்போது விளிம்பு தெரியாது. கறுப்புக் கல்லானால் தரை வெளிர்நிறமாக இருக்கட்டும்.

திறந்த பக்கத்துக்கு 3 அடி உயரத்தில் கைப்பிடி. அதன் கால்களுக்கான துளையைக் கல் பதித்து ஒரு வாரம் கழித்துப் போடுங்கள். முன்பே போட்டால் கல் கிளம்பிவிடும்.