உடம்பு தேறிவிட்டால் போதுமா? போதை மறுவாழ்வு மையத்தில் முன்னேற்றத்தை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மாதம் கழித்துப் பார்க்க வரும் அம்மா, மையத்தின் வாசலிலேயே சொல்லிவிடுவார்: "முகத்துல களை வந்துடுச்சு சார், உடம்பு தேறிட்டான்." உண்மைதான். எடை கூடியிருக்கும், கை நடுக்கம் நின்றிருக்கும். காலையில் தியானத்துக்கு உட்காருகிறான், சமையல் முறை வந்தால் முகம் சுளிக்காமல் வெங்காயம் உரிக்கிறான். கேஸ் ஷீட்டில் கவுன்சிலர் "நல்ல முன்னேற்றம்" என்று எழுதுகிறார். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதினேன்.

பெரிய தவறு இங்கேதான் இருக்கிறது. பூட்டிய கதவுக்குள் பாட்டில் இல்லை. சம்பள நாள் இல்லை, கடன்காரர் இல்லை, பழைய கூட்டாளியும் இல்லை. "கடந்த 28 நாளில் எத்தனை நாள் போதைப்பொருள் பயன்படுத்தினீர்கள்?" என்பது பிரிட்டன் சிகிச்சைப் படிவத்தில் உள்ள கேள்வி. வீட்டிலிருந்து வந்துபோகிறவரிடம் கேட்டால் நிறையச் சொல்லும். ஒரு மாதம் உள்ளேயே இருந்தவர்களிடம் கேட்டால் எல்லோருக்கும் விடை பூஜ்யம். அந்தப் பூஜ்யம் சுவரின் உயரத்தைத்தான் சொல்கிறது.

இது வெறும் கணக்குப் பிழை அல்ல, உயிர் சம்பந்தப்பட்டது. லண்டனில் உள்நோயாளிகளாக ஓபியாய்டு (ஹெராயின், மார்பின் வகைப் போதை) நச்சுநீக்கச் சிகிச்சைக்குச் சேர்ந்த 137 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. வெளியே வந்த நான்கு மாதத்துக்குள் மூன்று பேர் போதைமருந்தை அளவுமீறி எடுத்து இறந்திருந்தார்கள். மூவருமே சிகிச்சையை முழுதாக முடித்தவர்கள். நிறுத்தியிருந்த காலத்தில் உடல் தன் தாங்குதிறனை இழந்துவிடுகிறது. பழைய அளவைப் பழைய நினைப்பிலேயே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். "முடித்தவர் = வெற்றி" என்று எழுதும் பதிவேட்டில் அந்த மூவரும் வெற்றிப் பட்டியலில்தான் இருப்பார்கள். ஹெராயினோ வலி மாத்திரையோ எடுத்தவரை வீட்டுக்கு அனுப்பும் முன், இந்த ஆபத்து அவருக்கும் வீட்டாருக்கும் புரிந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதும் முன்னேற்றத்தை அளப்பதில் ஒரு பகுதி.

அடுத்தது, தொடக்கப் புள்ளியைத் தப்பாக வைப்பது. சேர்ந்த அன்றே, உடல் நடுங்கும் நிலையில் மனச்சோர்வுப் படிவத்தை நிரப்பச் சொன்னால் மதிப்பெண் உச்சத்தில் இருக்கும். குடியை நிறுத்திய மூன்று நான்கு வாரத்தில் பலருக்கு அந்தச் சோர்வு தானாகவே வெகுவாகக் குறைந்துவிடும். அதை நம் கவுன்சிலிங்கின் பலன் என்று வரவு வைத்துக்கொள்வது நியாயமில்லை. நடுக்கமெல்லாம் அடங்கிய பிறகு இன்னொரு முறை அளந்து, அதையே தொடக்கமாக வைக்க வேண்டும்.

சிறுநீர்ப் பரிசோதனையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர்களும் உண்டு. வருடக்கணக்கில் தினமும் கஞ்சா புகைத்தவருக்கு, கடைசியாகப் புகைத்து நாலு வாரம் ஆன பிறகும் பாசிட்டிவ் வரலாம். அதை வைத்து "உள்ளேயே இழுத்திருக்கான்" என்று குற்றம் சாட்டினால், அதோடு நம்பிக்கை போய்விடும். மறுபக்கம், மார்பினைக் கண்டுபிடிக்கும் சாதாரணச் சோதனைப் பட்டை, டேபென்டடால், டிராமடால் போன்ற வலி மாத்திரைகளைக் காட்டாது. தமிழ்நாட்டில் இளைஞர்கள் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் மாத்திரைகளில் டேபென்டடால் முக்கியமானது. அங்கே நெகட்டிவ் என்பதற்குப் பொருளே கிடையாது.

கேட்கும் விதத்திலும் தவறு நடக்கிறது. "ஆசை வருதா?" என்ற கேள்வியை, டிஸ்சார்ஜ் தேதியை முடிவு செய்பவரே, அதுவும் மனைவி முன்னால் கேட்டால் யார் "வருது" என்பார்கள்? உண்மை சொன்னவருக்கு இன்னொரு மாதம் தண்டனையாகக் கிடைத்தால், மறுநாள் வார்டு முழுக்க ஒருவருக்கும் ஆசை வராது. என்னைக் கேட்டால், மூன்றாம் வாரத்தில் "நேத்து ராத்திரி கனவுலகூடக் குடிச்சேன் சார்" என்று சொல்ல வருகிறவர்தான் முன்னேறிக்கொண்டிருப்பவர்.

குடித்த நாட்களை மட்டும் எண்ணுவதும் போதாது. 1980இல் அமெரிக்காவில் மெக்லெல்லன் குழு உருவாக்கிய அளவுகோல் ஏழு பகுதிகளைப் பார்க்கிறது: உடல்நலம், வேலை, குடி, பிற போதை, சட்டச் சிக்கல், குடும்பம், மனநலம். ஒன்றில் தேறி இன்னொன்றில் சரிகிறவர்களை நாம் தினமும் பார்க்கிறோம்.

கடைசியாக, நான் மிகவும் வருந்தும் தவறு: போனை எடுக்காதவர்களைக் கணக்கிலிருந்து தூக்கிவிடுவது. 100 பேர் வீடு போனார்கள், 40 பேரிடம் பேச முடிந்தது, 30 பேர் நிறுத்தியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 75 சதவீதம் என்று அறிக்கை போகும். நமக்கு உறுதியாகத் தெரிந்தது 30 சதவீதம்தான். மீதி 60 பேர் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்பதே கேள்வி. மறுபடி சறுக்குகிறவர்களில் பெரும்பாலோர் முதல் மூன்று மாதத்துக்குள் சறுக்குகிறார்கள் என்பதால், ஆறாம் மாதம் முதல் போன் போடுவதில் பயன் குறைவு. முதல் வாரமே பேச வேண்டும். அதற்கு, சேர்க்கும் அன்றே அவர் சம்மதத்தோடு மூன்று எண்கள் வாங்கிவிடுங்கள்: மனைவியோ அம்மாவோ, கூடப் பிறந்தவர் ஒருவர், தெருவில் அவர் மதிக்கும் ஒருவர். கிளம்பும் நாளில் பையோடு நிற்கும்போது கேட்டால் ஒரே எண்தான் கிடைக்கும். அதுவும் அவருடையதாகவே இருக்கும்.