விவாகரத்தும் குழந்தையும்: வக்கீலைத் தேடுவதிலிருந்து கையில் ஆர்டர் வாங்குவது வரை

என் தங்கையின் வழக்குக்காக மூன்று வருடம் அவளோடு குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போய்வந்தேன். வழக்குப் போட்டபோது அவள் மகளுக்கு நான்கு வயது. நாங்கள் தாமதமாகத் தெரிந்துகொண்டவற்றை, இப்போதுதான் முதல் அடி எடுத்துவைக்கிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. எங்கள் வழக்கு தமிழ்நாட்டில், 1955-ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தின்படி நடந்தது. அதைத்தான் இங்கே சொல்கிறேன். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வேறு சட்டம், சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிந்தவர்களுக்கும் வேறு. ஆனால் குழந்தை பற்றி எழுதியிருப்பது பெரும்பாலும் எல்லோருக்கும் உதவும்.

விவாகரத்துத் தீர்ப்பை வாங்கி பீரோவில் வைத்துவிடுவோம். குழந்தைக்கான ஆர்டரை அது பதினெட்டு வயதாகும்வரை திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்போம். நாங்களோ முதல் ஆறு மாதம் வக்கீல் ஆபீஸில் பேசியதெல்லாம் விவாகரத்தைப் பற்றி மட்டும்தான். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

படி 1: ஒரு தாளில் தேதிகளை எழுதுங்கள்

கல்யாணம் எப்போது, எந்த ஊரில்? கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த வீடு எங்கே? எந்த மாதத்திலிருந்து பிரிந்திருக்கிறீர்கள்? இப்போது எங்கே இருக்கிறீர்கள்? எந்த ஊர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம் என்பது இந்தப் பதில்களை வைத்துத்தான் முடிவாகும். மனுப் போடுவது மனைவி என்றால், அவர் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். இது பலருக்குத் தெரியாமல், கல்யாணம் நடந்த ஊருக்கு பஸ் ஏறி அலைகிறார்கள். இன்னொன்று, கல்யாணமாகி ஒரு வருடம் முடியாமல், மிக விதிவிலக்கான காரணம் இல்லாமல், விவாகரத்து மனுவை எடுக்க மாட்டார்கள்.

கூடவே ஒரு ஃபைலில் கல்யாணப் பத்திரிகை, கல்யாண போட்டோ, பதிவுச் சான்றிதழ் இருந்தால் அது, ஆதார், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், ஸ்கூல் ஃபீஸ் ரசீதுகள், வங்கி ஸ்டேட்மென்ட். வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் கோபத்தில் அழிக்காதீர்கள்.

வீட்டில் அடி உதை இருந்தால் இந்த வரிசையெல்லாம் அப்புறம். பெண்கள் உதவி எண் 181-க்கு போன் செய்யுங்கள். 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் மாஜிஸ்திரேட் முன் மனுப் போட்டால் பாதுகாப்பு உத்தரவோடு குழந்தையைத் தற்காலிகமாக உங்களிடம் வைத்துக்கொள்ளவும் கேட்கலாம்.

படி 2: உள்ளூர் வக்கீல்

பெரிய ஊர் வக்கீல் வேண்டும் என்று எங்கள் மாமா ஒற்றைக்காலில் நின்றார். குடும்ப வழக்கில் அது தேவையில்லை. கவுன்சலிங், வாய்தா, குழந்தையைக் காட்டும் நாள் என்று அடிக்கடி போகவேண்டியிருக்கும். அந்த நீதிமன்றத்துக்குத் தினமும் வருகிறவர்தான் உங்களுக்குப் பயன்படுவார். 1890-ஆம் வருடக் காப்பாளர் சட்டப்படி, குழந்தைக்கான தனி மனுவையும் குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரில்தான் போடமுடியும்.

முதல் சந்திப்பில் மூன்று கேள்வி கேளுங்கள். குடும்ப வழக்குகள்தான் அதிகம் பார்க்கிறீர்களா? வாய்தா அன்று நீங்களே வருவீர்களா, ஜூனியரை அனுப்புவீர்களா? சமரசமாக முடிக்க என்ன வழி இருக்கிறது? மூன்றாவது கேள்விக்கு முகம் சுளிக்கிறவரிடம் வக்காலத்தில் (உங்களுக்காக வாதாட அவருக்கு அனுமதி தரும் தாளில்) கையெழுத்துப் போடாதீர்கள். ‘ஆறே மாதத்தில் குழந்தையை உங்க கையில கொடுக்கிறேன்’ என்று உறுதி சொல்கிறவரிடமும் வேண்டாம்.

ஃபீஸை மனு, இடைக்கால மனு, விசாரணை என்று கட்டம் கட்டமாகப் பேசி, எழுதி வாங்குங்கள். கிடைக்கும் ஜீவனாம்சத்தில் பங்கு கேட்பது வக்கீல்களுக்கு உள்ள விதிகளின்படியே தவறு. பணம் இல்லையென்றால் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், போன் 15100. 1987-ஆம் வருடச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவச வக்கீல் கொடுப்பார்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் என் தங்கை முதல் வக்கீலுக்காக வளையலை அடகு வைத்த பிறகுதான் எங்களுக்கு இது தெரிந்தது.

படி 3: எந்த மனு?

இருவரும் ஒத்துக்கொண்டால் இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவில் பரஸ்பர சம்மத மனு. ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும். மனுப் போட்ட ஆறு மாதத்துக்குப் பிறகு, பதினெட்டு மாதத்துக்குள் மறுபடி இருவரும் போய்ச் சம்மதம் சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஒன்றரை வருடத்துக்கு மேல் பிரிந்திருந்து, பணமும் குழந்தையும் பேசி முடித்திருந்தால் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரண்டாவது முறை சொல்லும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

ஒத்துக்கொள்ளவில்லையென்றால் 13-ஆவது பிரிவு. கொடுமை, தொடர்ந்து இரண்டு வருடம் கைவிட்டது போன்ற காரணத்தை நிரூபிக்க வேண்டும். இது நீளும். அதற்காக இடைக்காலத்தில் சும்மா இருக்க வேண்டாம். 24-ஆவது பிரிவில் இடைக்கால ஜீவனாம்சம், 26-ஆவது பிரிவில் குழந்தைக்கான இடைக்கால உத்தரவு, இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். ஜீவனாம்சம் என்று வந்தால் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் இரு தரப்பும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். மறைக்காமல் எழுதுங்கள், பிறகு தெரியவந்தால் உங்கள் மற்ற பேச்சும் எடுபடாது.

படி 4: குழந்தைக்குத் தனி நோட்டு

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும்.

என் தங்கை பதினோரு பக்கம் எழுதிக்கொண்டுபோனாள். மாமியார் சொன்னது, நகை, வளைகாப்பில் நடந்த சண்டை எல்லாம் அதில் இருந்தது. எங்கள் இரண்டாவது வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுதும் படித்தார். ‘இது உனக்கு நடந்ததும்மா. பாப்பாவுக்கு ஒரு நாள் எப்படிப் போகுதுன்னு எங்க எழுதியிருக்க?’ என்றார். அன்று வீட்டுக்கு வந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து எழுதினோம். காலையில் யார் எழுப்புவது, ஸ்கூல் வேன் எத்தனை மணிக்கு, ஜுரம் வந்தால் எந்த டாக்டர், தூங்கும்போது யார் பக்கத்தில், அப்பாவிடம் எதை விரும்பிக் கேட்கும். கடைசிக் கேள்விக்குப் பதில் எழுத அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று. ஆனால் எழுதினாள்.

நீதிபதி பார்ப்பது அந்த நோட்டில் உள்ளதைத்தான். ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கும் என்று இந்துக்களுக்கான 1956-ஆம் வருடக் காப்பாளர் சட்டம் சொல்கிறது. அதே சட்டம் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பது குழந்தையின் நலனை. அப்பாவுக்கு வருமானம் அதிகம் என்பதாலோ, அம்மா வேலைக்குப் போகவில்லை என்பதாலோ மட்டும் முடிவாகாது. குழந்தைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று 1973-லேயே, சென்னையிலிருந்து போன ரோசி ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் எழுதிவிட்டது.

விவரம் தெரிந்த வயது என்றால் நீதிபதி குழந்தையைத் தன் அறைக்குள் அழைத்துத் தனியே பேசலாம். தயவுசெய்து சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள். ‘இந்தக் கேள்விக்குச் சரியான பதில் எதுவும் இல்லை, உனக்குத் தோன்றுவதைச் சொல்’ என்று மட்டும் சொல்லுங்கள்.

இடைக்கால உத்தரவுப்படி, மாதம் இரண்டு முறை நீதிமன்ற வளாகத்தில் இருந்த குழந்தைகள் அறையில் பாப்பா அப்பாவைப் பார்த்தாள். முதல் முறை அவள் ஸ்கூல் நோட்டைக் கையோடு எடுத்துவந்திருந்தாள். அப்பா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, கடைசிப் பக்கத்தில் மிஸ் கையெழுத்துக்குக் கீழே தானும் ஒரு கையெழுத்துப் போட்டார். அடுத்த நாள் அதை ஸ்கூலில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறாள். என் தங்கைக்கு அவர்மேல் இருந்த கோபம் குறையவில்லை. ஆனால் அதன்பிறகு ஒரு முறைகூட அந்த நாளை அவள் தட்டிக்கழிக்கவில்லை.

படி 5: ஆர்டரில் என்ன எழுத வேண்டும்

கவுன்சலிங்குக்கும் சமரச மையத்துக்கும் கட்டாயம் அனுப்புவார்கள். ‘மறுபடி சேர்த்துவைக்கப் பார்க்கிறார்கள்’ என்று பயந்து வாயை மூடிக்கொண்டு உட்காராதீர்கள். சேர முடியாது என்றால் அதைச் சொல்லிவிட்டு, குழந்தை விஷயத்தைப் பேச அந்த மேஜையைப் பயன்படுத்துங்கள்.

‘தந்தை நியாயமான நேரங்களில் குழந்தையைப் பார்க்கலாம்’ என்ற ஒரு வரியோடு கையெழுத்துப் போடாதீர்கள். எது நியாயம் என்பதில்தான் அடுத்த சண்டை வரும். முதல், மூன்றாம் சனிக்கிழமை காலை 10 மணியிலிருந்து ஞாயிறு மாலை 5 மணிவரை என்று எழுதுங்கள். எங்கே ஒப்படைப்பது, யார் கூட்டிவருவது, எவ்வளவு தாமதம் பொறுப்பது? இந்த வருடம் தீபாவளி அம்மாவோடு என்றால் பொங்கல் அப்பாவோடு, அடுத்த வருடம் மாற்றி. காலாண்டு, அரையாண்டு, முழுப் பரீட்சை லீவு எப்படிப் பிரிப்பது? வீடியோ கால் எத்தனை மணிக்கு? ஸ்கூல் ஃபீஸ் யார், எந்தத் தேதிக்குள்? ஆஸ்பத்திரியில் சேர்த்தால் எவ்வளவு நேரத்தில் தகவல்? பாஸ்போர்ட், வெளிநாட்டுப் பயணம், ஊர் மாறினால் எத்தனை நாள் முன்பு சொல்வது? இவ்வளவும் அதில் இருக்கட்டும். வக்கீல் ‘இவ்வளவு எதுக்கு’ என்றால், பொறுமையாக மறுபடி கேளுங்கள்.

பணம் வரவில்லை என்பதற்காகக் குழந்தையைக் காட்டாமல் இருக்காதீர்கள். குழந்தையைக் காட்டவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்தவும் கூடாது. இரண்டுக்கும் தனித்தனியே மனுப் போட வழி இருக்கிறது.

படி 6: வாய்தாவை நீங்களே பாருங்கள்

எங்கள் முதல் வக்கீல் ஒரு வாய்தாவைச் சொல்லவே இல்லை. அவரும் போகவில்லை. மனு தள்ளுபடியாகி, அதைத் திரும்பக் கோப்புக்கு எடுக்க மாதக்கணக்கில் அலைந்தோம். மனுவை ஏற்று நீதிமன்றம் நம்பர் கொடுத்ததும், உங்கள் வழக்குக்கு மட்டும் உரிய அடையாள எண்ணான 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நீதிமன்றங்களின் இகோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த தேதி, எதற்காக என்பது வரை காட்டும். வாய்தாவுக்கு முந்தின நாள் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

படி 7: தீர்ப்புக்குப் பிறகு

இந்து திருமணச் சட்டப்படி விவாகரத்துத் தீர்ப்பாணையின் ஒரு நகலை இரு தரப்புக்கும் இலவசமாகத் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள். அப்பீல் காலம் எப்போது முடிகிறது என்பதை அன்றே வக்கீலிடம் எழுதி வாங்குங்கள். அதற்குமுன் மறுமணப் பேச்சு வேண்டாம். குழந்தைக்கான ஆர்டர் மட்டும் சூழ்நிலை மாறினால் மாற்றக்கூடியது. வேலை, ஊர், குழந்தையின் வயது எது மாறினாலும் அதே நீதிமன்றத்தில் மனுப் போடலாம். ஆர்டரின் நகல் ஒன்றை ஸ்கூலில் கொடுத்து, யார் யார் குழந்தையைக் கூட்டிப்போகலாம் என்று ஹெச்.எம்.மிடம் சொல்லிவையுங்கள். இன்னொரு நகலை, ஒப்படைக்கும் நாட்களில் கைப்பையிலேயே வைத்திருங்கள்.