தனியாகப் பாடுகிறவர்களுக்குத் துணைக்குரல்: ஹார்மனி பெடலைப் பயன்படுத்தும் முறை

கிட்டாரும் கையுமாகத் தனியே மேடை ஏறுகிறவர்களுக்கு, பல்லவியிலாவது கூடப் பாட ஒரு குரல் இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். காலால் மிதித்து இயக்கும் வோக்கல் ஹார்மனி பெடல் என்ற சிறு கருவி அதற்கானது. நீங்கள் பாடும் சுரத்தைக் கண்டுகொண்டு, உங்கள் குரலையே இன்னொரு சுரத்துக்கு மாற்றி உடனுக்குடன் சேர்த்துத் தரும்.

முதலில் மைக்கைப் பெடலிலும், பெடலை மிக்சரிலும் (ஒலிகளைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி) இணையுங்கள். மேடைக்கு டைனமிக் மைக்கே நல்லது. கண்டென்சர் மைக் என்றால் அதற்கான 48 வோல்ட் மின்சாரத்தைப் பெடல் தருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கிட்டாரையும் பெடலில் செருகுங்கள். புதியவர்கள் பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். சி மேஜர் ஸ்கேலில், அதாவது சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி என்ற ஏழு சுரங்களில், ஒரு பாட்டு என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 'சி' பாடினால் துணைக்குரல் 'ஈ' பாட வேண்டும். இடைவெளி 4 அரைச்சுரம் (கிட்டாரில் ஒரு கட்டம் ஓர் அரைச்சுரம்). நீங்கள் 'ஈ'க்கு ஏறினால் அது 'ஜி'க்குப் போக வேண்டும். இப்போது இடைவெளி 3தான். ஸ்கேல் தெரியாத பெடல் இங்கேயும் 4 தள்ளி நின்று 'ஜி ஷார்ப்' பாடிவிடும். கேட்பவர் முகம் சுளிப்பார். கிட்டார் இணைந்திருந்தால், வாசிக்கும் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) கவனித்துப் பெடல் சரியான சுரத்தைத் தேர்ந்தெடுக்கும். கிட்டாரில் சுருதி சுத்தமாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம். கிட்டார் இல்லையென்றால் ஸ்கேலை நீங்களே அமைக்க வேண்டும். பாட்டின் நடுவில் ஸ்கேல் மாறினால் அதையும் மாற்ற வேண்டியிருக்கும்.

தொடக்கத்தில் மேல் மூன்றாம் சுரத்தில் ('சி'க்கு 'ஈ' போல) ஒரே ஒரு குரல் போதும். பெடலில் நான்கு குரல் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் திறந்துவிட்டால் பாட்டு போய் வித்தைதான் மிஞ்சும். துணைக்குரலின் ஒலி தனித்துக் கேட்கும்வரை ஏற்றி, பிறகு உங்கள் குரலுக்குப் பின்னால் ஒதுங்கும்வரை இறக்குங்கள்.

இனி கால் வேலை. சரணத்தில் அணைத்து வைத்துப் பல்லவியில் போடுங்கள். சொல் தொடங்குவதற்குச் சற்று முன்பே சுவிட்சை மிதித்துவிட வேண்டும். அணைக்கும்போது, கடைசிச் சொல்லின் நீட்டல் முழுதாக முடியட்டும். பாதியில் அணைத்தால் கூடப் பாடியவர் திடீரென எழுந்து போனதுபோல் இருக்கும். மேடையில் அணியும் செருப்போடுதான் பழக வேண்டும். வெறுங்காலுக்கு வந்த பழக்கம் அங்கே கைகொடுக்காது.

மைக்கை வாயருகே வைத்துப் பாடுங்கள். டிரம்ஸ் ஓசையோ மானிட்டர் (பாடுகிறவர் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) ஒலியோ மைக்கில் புகுந்தால் பெடல் குழம்பி, துணைக்குரல் தள்ளாடும். பாட்டு முடிந்ததும் ஹார்மனியை அணைக்க மறந்துவிடாதீர்கள். மறந்தால் உங்கள் 'நன்றி'யை இரண்டு பேர் சொல்வார்கள்.