பொருள் வடிவமைப்பு கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஒரு சாம்பிள் அறையிலிருந்து

ஆம்பூரில், தோல் பொருள்களை முதலில் மாதிரியாகத் தைத்துப் பார்க்கும் எங்கள் சாம்பிள் அறைக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் முதல் நாளே மடிக்கணினியைத் திறந்து காட்டுவார்கள். கைப்பை, செருப்பு, சுவர் விளக்கு, திண்டு உறை எல்லாம் அதில் இருக்கும். படங்கள் உண்மையிலேயே அழகாக இருக்கும். “இந்தப் பைக்கு எந்தத் தோல்? எத்தனை மில்லிமீட்டர் கனம்?” என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். திரையில் தோலுக்குக் கனமும் இல்லை, எடையும் இல்லை. நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

முதல் தவறு, தோலைத் துணிபோல நினைப்பது. ஒரே தோலில் முதுகுப் பகுதி இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பக்கம் தளர்ந்து நீளும், கழுத்தில் சுருக்கம் விழுந்திருக்கும். தொழிலுக்கு வந்த புதிதில், தோளில் மாட்டும் பை ஒன்றுக்கு மாட்டுத்தோலில் இரண்டு பட்டைகள் வெட்டினேன். ஒன்று முதுகிலேயே கிடைத்தது. மற்றதற்கு இடம் போதாமல் வயிற்றோரம் வெட்டிவிட்டேன். தைத்து முடித்தபோது இரண்டும் ஒரே நீளம். எடை வைத்துத் தொங்கவிட்ட இரண்டு வாரத்தில் ஒரு பட்டை இறங்கி, பை ஒருக்களித்து நின்றது. கட்டிங் மாஸ்டர் பார்த்துவிட்டு, “தம்பி, வெட்டுவதற்கு முன்னால் கையால் இழுத்துப் பார்த்தீர்களா?” என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து பட்டை, பெல்ட், கைப்பிடி எதுவானாலும் முதுகெலும்பின் போக்கில்தான் வெட்டுகிறேன்.

பதனிட்ட முறையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆவாரம்பட்டை போன்ற பட்டைகளில் பதனிட்ட தோலில் அழுத்திப் பதிக்கும் அச்சு ஆழமாகப் பதியும், வெயில் படப்பட நிறம் கருக்கும். குரோமிய உப்பில் பதனிட்டது (குரோம் தோல்) மெத்தென்று மடியும், ஆனால் அச்சு அந்த அளவுக்கு நிற்காது. ஜன்னலோர நாற்காலிக்குத் தோல் தேர்ந்தெடுப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாவிட்டால், ஆறு மாதத்தில் இருக்கையின் ஒரு பாதி வேறு நிறத்தில் இருக்கும்.

அடுத்தது கனக் கணக்கு. மடிக்கும் பர்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளித்தோல், உள்தோல், கார்டு வைக்க மூன்று அடுக்கு என ஓரத்தில் ஐந்து தோல்கள் சேர்கின்றன. ஒவ்வொன்றும் 1.2 மி.மீ. என்றால் ஓரம் 6 மி.மீ. மடித்தால் 12 மி.மீ. கார்டும் பணமும் வைப்பதற்கு முன்பே இந்தப் பருமன்! அதனால்தான் ஓரங்களைச் சீவி மெலிதாக்குகிறோம், அதற்கு ஸ்கைவிங் என்று பெயர். எந்த ஓரத்தை எவ்வளவு அகலம் சீவ வேண்டும் என்று வரைபடத்தில் குறிக்காத மாணவர், அந்த முடிவைத் தைப்பவர் தலையில் ஏற்றிவிடுகிறார். படம் முடிந்ததும் நல்ல தோலில் கை வைக்காதீர்கள். அட்டையில் பேட்டர்ன், அதாவது ஒவ்வொரு துண்டின் அளவு மாதிரியை வெட்டி, பழைய ரெக்ஸினில் ஒருமுறை தைத்துப் பாருங்கள். ஜிப் திறக்கும்போது விரல் உள்ளே போகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

தோல் சதுர அடிக் கணக்கில் விற்கப்படுகிறது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். பையின் துண்டுகளைக் கூட்டி, ஐந்து சதுர அடி என்று விலை போடுவார்கள். வளைவான துண்டுகளுக்கு இடையில் வீணாகும் இடம், கீறல், உண்ணி கடித்த தழும்பு இவற்றையெல்லாம் ஒதுக்கினால் ஏழு சதுர அடிகூட ஆகலாம். ஓர் ஓரத்தைச் சற்றே நேராக்கினாலே துண்டுகள் நெருங்கி அமரும். அந்தச் சின்னத் திருத்தத்தையும் நான் வடிவமைப்பின் பகுதியாகவே பார்க்கிறேன்.

வீட்டு அலங்காரப் பொருள்களிலும் இதே கதைதான். வேலூரின் கரிகிரி மண்பாண்டங்களைப் பார்த்து, மண்ணில் விளக்குத் தாங்கி செய்ய ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசை. ஈர மண்ணில் பல்பு ஹோல்டருக்குச் சரியான அளவில் துளை போட்டுவிடுவார்கள். காய்ந்து சூளையில் வெந்த பிறகு மண் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கும், ஹோல்டர் சுருங்காது. குடியாத்தம் கைத்தறிக் கட்டத் துணியில் திண்டு உறை தைப்பவர்கள், துணியைத் துவைத்து உலர்த்திய பிறகே வெட்ட வேண்டும். தையலில் கட்டத்தோடு கட்டம் சேர வேண்டுமானால் கூடுதல் துணியும் வேண்டும். நிறத்தைக் கடை விளக்கில் முடிவு செய்யாமல், வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்திலும் பாருங்கள்.

இவை எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது, பயன்படுத்துபவரை மறப்பது. இதற்குப் பாடம் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டும் அவரோடு உழைத்தவர்களும், தொழுநோயால் பாதத்தில் உணர்வு இழந்தவர்களுக்காக மென்மையான மைக்ரோசெல்லுலார் ரப்பர் (நுண்ணிய காற்றறைகள் நிறைந்த ரப்பர்) செருப்புகளை உருவாக்கினார்கள். உணர்வற்ற காலில் ஆணி குத்தினாலும் தெரியாது. ஆகவே இத்தகைய செருப்புகளில் ஆணி கூடாது. அதோடு வேலை முடியவில்லை. பார்த்தவுடனே நோயைக் காட்டிக்கொடுக்கும் செருப்பைப் போட்டுக்கொள்ளப் பலர் தயங்கினார்கள். காலைக் காக்கும் பொருள் மானத்தையும் காக்க வேண்டியிருந்தது. ஒரு செருப்பு மற்றச் செருப்புகளைப் போலத் தோன்றுவது எவ்வளவு பெரிய வடிவமைப்பு வேலை என்பதை அதை நினைக்கும்போதெல்லாம் உணர்கிறேன். உங்கள் பையை எடுத்துக்கொண்டு நெரிசலான பஸ்ஸில் காட்பாடி வரை நின்றபடியே போகும் பெண்ணை மனத்தில் வைத்து வரையுங்கள். ஜிப் எந்தப் பக்கம் வர வேண்டும் என்ற கேள்விக்கு உடனே விடை கிடைக்கும்.

படிப்பைப் பற்றி ஒரு சொல். சென்னையில் நிஃப்ட் என்னும் தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, இருங்காட்டுக்கோட்டையில் காலணி வடிவமைப்பு நிறுவனம் இருக்கிறது. எங்கு சேர்வதானாலும், பட்டறையில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கைவேலை என்று முதலில் கேளுங்கள்.

வேலை தேடி வரும்போது முடித்த பொருள்களின் படங்களை மட்டும் அடுக்கிக் கொண்டுவராதீர்கள். நீண்டுபோன பட்டை, பிரிந்த தையல், துளை சுருங்கிய மண் தாங்கி இவற்றையும் படம் எடுத்து, பக்கத்தில் தேதியும் காரணமும் எழுதி வையுங்கள். நேர்காணலில் நான் முதலில் தேடிப் புரட்டுவது அந்தப் பக்கங்களைத்தான்.