வீட்டுக்கு ஸ்டீல் மோட்டார் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வார்ப்பிரும்பு மோட்டார் உள்ள வீடுகளில் காலையில் வரும் முதல் வாளித் தண்ணீர் செம்பழுப்பாக இருந்தால், இரவு முழுவதும் பம்புக்குள் தேங்கிய நீர் இரும்பை அரித்திருக்கிறது என்று பொருள். ஒரு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பினால், நீரைத் தள்ளும் சுழல்சக்கரமான இம்பெல்லர் துருவேறிக் கேசிங் எனப்படும் வெளிக்கூட்டோடு ஒட்டிக்கொள்ளும். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் உறுமுமே தவிரச் சுற்றாது. இந்தத் தொல்லைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்ல தீர்வுதான். ஆனால், எந்த ஸ்டீல், அது பம்பின் எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

கடையில் 'எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பாடி' என்று சொன்னால் வெளிக்கூடு மட்டுமே ஸ்டீலாக இருக்கக்கூடும். உள்ளே இம்பெல்லர் பிளாஸ்டிக்கிலும், அதைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட் சாதாரண எஃகிலும் இருக்கலாம். தரமான பிளாஸ்டிக் இம்பெல்லர் கெடுதல் அல்ல, துருப்பிடிக்காது. மணல் கலந்த நீரில்தான் விரைவில் தேயும். ஷாஃப்டில் மட்டும் சமரசம் வேண்டாம். அது அரித்தால், தண்டையொட்டி நீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் கசிந்து, நீர் மோட்டாரின் பேரிங்குக்குள் இறங்கிவிடும்.

ஸ்டீலின் தரத்தை எண்ணால் கேளுங்கள். 304 என்பது சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கொண்டது. 202 வகையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். விலையும் குறைவு, அரிப்பைத் தாங்கும் திறனும் குறைவு. காந்தம் வைத்துப் பார்ப்பது இங்கே உதவாது, ஏனெனில் இரண்டிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ஆகவே தர எண்ணை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஸ்டீலுக்கு உண்மையான பகை உப்புநீரில் உள்ள குளோரைடு. லிட்டருக்கு சுமார் 200 மில்லிகிராம் வரை 304 தாங்கும் என்பது பொறியாளர்கள் பொதுவாகக் கொள்ளும் அளவு. குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500-ஓ 250 மில்லிகிராம் வரை ஏற்றுக்கொண்டு, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1,000 வரை அனுமதிக்கிறது. அதாவது, குடிக்கத் தடையில்லாத தண்ணீர்கூட 304-இல் ஊசிமுனை அளவுப் பள்ளங்களைத் தோண்டக்கூடும். நிலத்தடியில் கடல்நீர் உட்புகுந்த, சென்னைக்கு வடக்கே உள்ள மீஞ்சூர் போன்ற பகுதிகளில் வசிப்பவர்கள், குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்த பிறகே முடிவெடுப்பது நல்லது. குளோரைடு அளவு அதிகமென்றால், 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316 தேவைப்படும்.

அடுத்தது உயரம். தரையில் நிற்கும் சாதாரணப் பம்பு காற்றழுத்தத்தின் துணையால்தான் கீழிருந்து நீரை ஏற்றுகிறது, கணக்குப்படி 10.3 மீட்டர், நடைமுறையில் 7 மீட்டர். ஆழ்துளைக் கிணற்றில் நீர்மட்டம் 25 அடிக்குக் கீழே போய்விட்டால், எவ்வளவு விலையுயர்ந்ததானாலும் இப்படிப்பட்ட ஸ்டீல் மோட்டார் பயன்படாது, கிணற்றுக்குள் ஜெட் இறக்கும் ஜெட் பம்போ நீருக்குள் மூழ்கி இயங்கும் சப்மெர்சிபிளோதான் வழி.

சம்பிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றுவதென்றால், சம்பின் அடியிலிருந்து தொட்டியின் வாய் வரை அளந்துகொள்ளுங்கள். 40 அடி வந்தால் அது 12 மீட்டர். பைப்பின் உராய்வுக்கும் எல்போக்களுக்கும் இன்னொரு 3 மீட்டர் சேர்த்து 15 என வையுங்கள். பெயர்ப்பலகையில் உள்ள 'அதிகபட்ச ஹெட் (நீர் ஏற்றும் உயரம்) 30 மீட்டர்' என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள், ஏனெனில் அந்த உயரத்தில் ஒரு சொட்டு நீரும் வெளியே விழாது. 15 மீட்டரில் மணிக்கு எத்தனை லிட்டர் என்பதைப் பம்போடு வரும் அட்டவணையில் பாருங்கள். 1,000 லிட்டர் தொட்டியை அரை மணி நேரத்தில் நிரப்ப 2,000 லிட்டர் தேவை. ஒரு மணி நேரம் பொறுக்கலாம் என்றால் 1,000 போதும், அதற்கு அரை ஹெச்.பி. பம்பே பெரும்பாலும் தாராளம்.

மின்சுற்றில் எர்த்திங்கும் மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பானும் கட்டாயம். சம்பு வற்றினால் மோட்டாரை நிறுத்தும் மிதவை சுவிட்சையும் பொருத்துங்கள், ஏனெனில் நீரின்றி ஓடும் பம்பின் சீல் சில நிமிடங்களிலேயே கருகிவிடும். ஸ்டீல் கூடு மெல்லிய தகடு என்பதால், பைப்பின் எடை அதன்மீது விழாதபடி சுவரில் கிளாம்ப் அடிக்க வேண்டும்.

பொருத்தியபின் ஓர் இரவு நிறுத்திவைத்து, காலையில் இயக்கிப் பாருங்கள். உடனே நீர் ஏறினால், உறிஞ்சும் குழாயின் அடியில் நீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் ஃபுட் வால்வும் சக்‌ஷன் இணைப்புகளும் சரியாக இருக்கின்றன. பம்பு நீர் ஏற்றாமல் அதற்குள் மீண்டும் நீர் ஊற்ற நேர்ந்தால், பம்பை மாற்றக் கேட்பதற்கு முன் அந்த இணைப்புகளில் காற்று புகும் இடத்தைத் தேடுங்கள்.